முதுகுப் பை வாங்கப் போகிறீர்களா?

காலை 8 மணிக்குப் பசுமலை பஸ் நிறுத்தத்தில் நின்று பாருங்கள். திருப்பரங்குன்றம் பக்கமிருந்து பெரியார் நிலையம் போகிற டவுன் பஸ்களில் எல்லாம் மூட்டைகள்! அரிசி மூட்டை அல்ல, முதுகு மூட்டை. கல்லூரி மாணவர்கள், பாங்கி ஊழியர்கள், மருந்து கம்பெனிப் பிரதிநிதிகள், கம்ப்யூட்டர் வேலைக்குப் போகும் பெண்கள் எல்லோர் முதுகிலும் ஒரு பை. அதற்குள் ஒரு லேப்டாப்.

ஒரு காலத்தில் மதுரைக்காரர் வெளியூர் போனால் கையில் மஞ்சள் பை இருக்கும். வசதி உள்ளவர் என்றால் டிரங்குப் பெட்டி. பிறகு ரெக்சின் பை வந்தது, சூட்கேஸ் வந்தது. எல்லாம் கையில் தூக்கும் சாமான்கள். கை வலித்தால் கீழே வைத்து விடுவோம். முதுகில் ஏறிய பையையோ நாம் மறந்தே போகிறோம். தோளும் இடுப்பும் வலிக்கும்போதுதான் நினைவு வருகிறது.

தமிழ்நாட்டு அரசு 2011 செப்டம்பர் 15-ந் தேதி இலவச லேப்டாப் திட்டத்தைத் தொடங்கியது. பல ஏழை வீடுகளுக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தது அப்படித்தான். அன்று பிளஸ் 2 படித்த பிள்ளைகள் இன்று 30 வயது தாண்டி, குடும்பம் நடத்துகிறார்கள். அவர்களுடைய பிழைப்பே அந்தப் பைக்குள் இருக்கிறது. ஆனால் பை வாங்கும்போது மட்டும் நிறத்தைப் பார்க்கிறார்கள், அறைகளை எண்ணுகிறார்கள், பணத்தைக் கொடுத்து விடுகிறார்கள்.

என் தங்கை மகளும் அப்படித்தான் செய்தாள்.

12 அறைப் பை

"மாமா, இதிலே 12 அறை இருக்கு! 600 ரூபாய்தான்!" என்று வந்து காட்டினாள். பேனாவுக்கு ஒன்று, செல்போனுக்கு ஒன்று, கண்ணாடிக்கு ஒன்று. வெளியே ஒரு சார்ஜ் துவாரம் வேறு. அந்தத் துவாரத்தைக் கண்டு மயங்குகிறவர்கள் பலர். உள்ளே ஒரு துண்டு ஒயர் தவிர அதில் ஒன்றும் கிடையாது. பவர் பாங்க் நாம்தான் வாங்கிப் போட வேண்டும்.

நான்கு மாதம் ஆயிற்று. பெரியார் நிலையத்தில் நெரிசலோடு இறங்கும்போது ஒரு தோள் வார் பிய்ந்து, பை படியில் விழுந்தது. முழங்கால் உயரம்தான். ஆனால் லேப்டாப்பின் மூலை அடிபட்டுத் திரை விரிந்து விட்டது. கம்பெனி கொடுத்த லேப்டாப் அது. திரை மாற்றிய செலவு 9,500 ரூபாயைச் சம்பளத்தில் பிடித்துக் கொண்டார்கள். அந்த மாதம் வீட்டுக்குக் கொடுக்கும் பணம் குறைந்ததைச் சொல்லி அவள் அழுதது எனக்கு இன்னும் மறக்கவில்லை.

பை தைக்கிறவர் ஒருவரிடம் அதை எடுத்துப் போனேன். அவர் பையைத் திருப்பிப் போட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"துணி பரவாயில்லை ஸார். வாரை ஒரே ஓட்டு ஓட்டியிருக்கான். சுமை எல்லாம் அந்த ஒரு வரித் தையலிலேதான் தொங்குது."

நல்ல பையில் வார் சேரும் இடத்தை நான்கு பக்கமும் சுற்றித் தைத்து, நடுவில் பெருக்கல் குறி போலக் குறுக்கே ஓட்டியிருப்பார்கள். கடையில் நின்றபடியே இதைப் பார்த்து விடலாம். வாரைப் பிடித்து இரண்டு முறை வெடுக்கென்று இழுங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைத்துக் கொள்ளட்டும்.

இன்னொன்றும் காட்டினார். லேப்டாப் அறை பையின் அடி வரை இறங்கியிருந்தது. பையைத் தரையில் வைக்கும்போதெல்லாம் லேப்டாப்பும் தரையில் மோதியிருக்கிறது! அந்த அறையின் அடி, பையின் அடிக்கு இரண்டு மூன்று விரற்கடை மேலே தொங்க வேண்டும். அடியில் ஸ்பாஞ்சும் இருக்க வேண்டும். உள்ளே கையை விட்டுத் தடவினால் தெரிந்து விடும்.

நூல் கணக்கு

ஹார்வி மில் கண்ட மதுரைக்காரர்களுக்கு நூல் நம்பர் புதிதல்ல. 40-ஆம் நம்பர் நூலைவிட 80-ஆம் நம்பர் மெல்லிசு. பைத் துணியிலோ கணக்கு தலைகீழ்! அங்கே 'டெனியர்' என்பார்கள். 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் எடையோ, அத்தனை டெனியர். ஆகவே நம்பர் ஏற ஏற நூல் கனக்கும். தினம் பஸ்ஸில் உரசுகிற பைக்கு 600 டெனியராவது இருப்பது நல்லது. ஒரே டெனியரில் பாலியெஸ்டரும் நைலானும் கிடைத்தால், நைலானே தேய்மானத்தை அதிகம் தாங்கும். விலையும் அதற்குத் தக்கபடிதான்.

'தண்ணீர் புகாது' என்று எழுதியிருப்பதை முழுக்க நம்ப வேண்டாம். துணியின் உட்புறப் பூச்சு தண்ணீரைத் தடுக்கும், உண்மைதான். ஆனால் ஜிப் வழியாகவும் தையல் ஊசித் துளை வழியாகவும் இறங்கும் தண்ணீரை யார் தடுப்பது? போதாததற்கு, அந்தப் பூச்சே சில வருஷத்தில் வெள்ளை வெள்ளையாக உரியும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இரு சக்கர வாகனத்தில் போகிறவர்கள் மேலே மாட்டும் மழை உறை ஒன்று வைத்துக் கொள்வதே புத்திசாலித்தனம்.

அளவு விஷயத்திலும் ஏமாறுகிறோம். 15.6 அங்குல லேப்டாப் என்றால், அது திரையின் மூலைக்கு மூலை அளவு. லேப்டாப்பின் அகலம் சுமார் 36 சென்டிமீட்டர் இருக்கும். மேட்சிங் ரவிக்கை எடுக்கப் போகிறவர்கள் புடவையைக் கையோடு கொண்டு போவதில்லையா? அதுபோல லேப்டாப்பைக் கடைக்கே எடுத்துப் போய் உள்ளே வைத்துப் பாருங்கள். பிறகு பையை மாட்டிக் கொண்டு நாலு அடி நடந்து பாருங்கள்.

எவ்வளவு சுமக்கலாம்?

பள்ளிப் பிள்ளைகளின் பை, உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்று மத்திய அரசின் 2020-ஆம் வருஷத்துக் கொள்கை சொல்கிறது. நமக்கும் அதுவே நல்ல கணக்கு. 60 கிலோ ஆசாமிக்கு 6 கிலோ. லேப்டாப் 2 கிலோ, சார்ஜரும் சில்லறைச் சாமான்களும் 1 கிலோ, தண்ணீர் பாட்டில் 1 கிலோ, டிபன் பாக்ஸ் 1 கிலோ என்றால் 5 கிலோ ஆகி விட்டது. வெறும் பையே ஒன்றரைக் கிலோ இருந்தால் கணக்குத் தாண்டி விடும் அல்லவா?

திருப்பரங்குன்றத்துக்குப் பால்குடம் எடுக்கிற பெண்களைப் பாருங்கள். சுமை தலைக்கு நேராக, முதுகெலும்பின் மேலேயே இறங்குகிறது. பையிலும் கனமான சாமான் முதுகை ஒட்டியே இருக்க வேண்டும். தண்ணீர் பாட்டிலை வெளி அறையில் திணித்தால் பை பின்னால் இழுக்கும், நாம் முன்னால் குனிவோம். வார் இரண்டு மூன்று விரல் அகலமாவது இருக்கட்டும். பையின் அடி இடுப்புக்குக் கீழே தொங்கக் கூடாது. வாலிபர்கள் ஒற்றைத் தோளில் மாட்டுவது பார்க்க ஜோர்தான். அந்தத் தோளைக் கேட்டால் வேறு கதை சொல்லும்.

பஸ் நெரிசலில் பையை மார்புப் பக்கம் திருப்பிக் கொள்ளுங்கள். ஜிப்பும் கண் முன்னால் இருக்கும், பின்னால் நிற்பவர் மூக்கும் பிழைக்கும்.

ஆபீசுக்கு 20 முதல் 25 லிட்டர் கொள்ளளவு தாராளம். பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஏறி இரண்டு நாள் சென்னை போய் வருகிறவர்களுக்கு 30 லிட்டருக்கு மேல் தேவைப்படும். அவர்கள் சூட்கேஸ் போல முழுக்கத் திறக்கும் பையை எடுத்தால், அடியில் கிடக்கும் சட்டைக்காக எல்லாவற்றையும் பெர்த்தில் கொட்ட வேண்டியதில்லை. விமானத்தில் போகிறவர்களுக்கு, உள்நாட்டுப் பயணத்தில் கைப்பை வழக்கமாக 7 கிலோ வரைதான். பவர் பாங்க்கைச் சரக்கோடு போடக் கூடாது, கையோடுதான் வைத்திருக்க வேண்டும். பாதுகாப்புச் சோதனையில் லேப்டாப்பை வெளியே எடுக்கச் சொன்னால், அதற்குத் தனி ஜிப் இருந்தால் சௌகரியம்.

தங்கை மகள் இப்போது 1,900 ரூபாய்க்கு ஒரு பை வாங்கியிருக்கிறாள். மூன்றே அறைகள். வாரை இழுத்துப் பார்த்தவள் அவள்தான். கடைக்காரரின் முறைப்பை வாங்கிக் கொண்டவன் நான்.

பழைய பையை அந்தத் தையற்காரர் 60 ரூபாய்க்குத் தைத்துக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை காய்கறி வாங்க நான் அதைத்தான் மாட்டிக் கொண்டு போகிறேன். 12 அறைகளில் 9 இன்னும் காலி.