எந்தப் பாடத்தை எழுதுவது?

சனிக்கிழமை காலை. கூர்தீட்டிய இரண்டு பென்சில், அனுமதிச் சீட்டு, ஒரு கால்குலேட்டர். பத்தாண்டுகளுக்கு முன் அமெரிக்கப் பொறியியல் கல்லூரிக்கு விண்ணப்பிக்க நினைத்த மாணவர் இவற்றோடுதான் தேர்வறைக்குப் போனார். அங்கே கொடுத்த வினாப் புத்தகத்தில் அவர் பதிவு செய்த பாடம் மட்டும் இருக்காது. கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல், இலக்கியம், வரலாறு எல்லாம் ஒரே கட்டில் இருக்கும். இயற்பியல் எழுத வந்தவர் கடைசி நொடியில் மனம் மாறி வேதியியல் பக்கத்தைத் திறந்தாலும் தடையில்லை. பாடத்துக்கு ஒரு மணி நேரம். ஒரே நாளில் மூன்று பாடம் வரை எழுதலாம். மதிப்பெண் 200 முதல் 800 வரை.

எஸ்.ஏ.டி. சப்ஜெக்ட் டெஸ்ட் என்று அழைக்கப்பட்ட இந்தப் பாடவாரித் தேர்வுகள் 1937இல் தொடங்கியவை. பெயர் சில முறை மாறினாலும், ஒரு பாடத்தில் மாணவருக்கு என்ன தெரியும் என்று நேராகக் கேட்கும் வழக்கம் மாறவில்லை. பாஸ்டனை அடுத்த கேம்பிரிட்ஜில் உள்ள எம்.ஐ.டி. ஒரு கணிதமும் ஓர் அறிவியலும் கேட்டது; கணிதத்தில் லெவல் 1, லெவல் 2 எதுவானாலும் ஏற்றது. கால்டெக்கும் ஹார்வி மட் கல்லூரியும் லெவல் 2தான் வேண்டும் என்றன.

வீட்டுக்கு வீடு பேச்சு இதிலிருந்தே தொடங்கும். பொறியியல் என்றால் லெவல் 2 என்பதில் பெரிய வாதம் இல்லை. பாடம் கடினம், ஆனால் மதிப்பெண் அளவுகோல் தாராளம்: 50 வினாக்களில் ஐந்தாறை விட்டாலும் பெரும்பாலும் 800 வந்துவிடும். இயற்பியலா, வேதியியலா என்பதில்தான் தயக்கம். இயற்பியலில் 75 வினா, வேதியியலில் 85. இரண்டிலும் கால்குலேட்டருக்கு இடமில்லை. வேதியியலில் இரண்டு வாக்கியங்களைத் தந்து, ஒவ்வொன்றும் சரியா, இரண்டாவது முதலாவதற்குக் காரணமா என்று கேட்கும் பகுதி ஒன்று உண்டு. நம் பாடப்புத்தகத்தில் வரும் கூற்று–காரணம் வினாவைப் பழகியவருக்கு அது புதிதாக இருந்திருக்காது. ஐந்து விடைகளில் தவறானதைத் தேர்ந்தால் கால் மதிப்பெண் போகும். எனவே தெரியாததை விட்டுவிடும் அடக்கமும் தேர்வின் ஒரு பகுதியாக இருந்தது.

2020 மார்ச்சில் எம்.ஐ.டி. இந்த மதிப்பெண்களை இனிப் பார்ப்பதில்லை என்று அறிவித்தது. 2021 ஜனவரி 19 அன்று, தேர்வை நடத்திய காலேஜ் போர்டே அதை நிறுத்தியது. அமெரிக்காவுக்குள் உடனடியாக முடிந்தது. வெளிநாட்டு மாணவர்களுக்கு மே, ஜூன் என்று இரண்டு வாய்ப்பு மிஞ்சியது. பள்ளியிலேயே கல்லூரி நிலையில் கற்பிக்கும் ஏ.பி. (அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்) பாடங்கள் பரவலாகக் கிடைப்பதால் தனித் தேர்வு தேவையில்லை என்பது சொல்லப்பட்ட காரணம்.

ஏ.பி. வேறு வகை. பள்ளியில் ஓராண்டு படித்து மே மாதம் ஒரே முறை எழுத வேண்டும். கால்குலஸ் தேர்வு மூன்று மணி நேரத்துக்கும் மேல். மதிப்பெண் 1 முதல் 5 வரை. இயற்பியலில் விடையைத் தேர்ந்தால் மட்டும் போதாது. சமன்பாட்டை எங்கிருந்து பெற்றோம் என்று படிப்படியாக எழுதிக் காட்ட வேண்டும். பொறியாளராகப் போகிறவரை அறிய இதுவே நல்ல வழி என்பதை நான் தயங்காமல் ஒப்புக்கொள்வேன். பழைய தேர்வு இருப்பதே தெரியாமல் கடைசி ஆண்டின் இலையுதிர் காலம் வரை வந்துவிட்ட மாணவர்களும் உண்டு. தேர்வு போனதில் அவர்களுக்கு நிம்மதி.

ஆனால் பழைய தேர்வுக்குப் பள்ளியின் தயவு வேண்டியிருக்கவில்லை. கால்குலஸே கற்பிக்காத ஊரகப் பள்ளியில் படிப்பவரும் ஒரு பயிற்சி நூலை வாங்கி, சில மாதம் தனியாகப் படித்து, இயற்பியல் தெரியும் என்று காட்ட முடிந்தது. சென்னையில் ப்ளஸ் டூ படித்த பிள்ளைக்கும் அப்படித்தான். அவர் மதிப்பெண் பட்டியலை எடைபோடத் தெரியாத கல்லூரிக்கும் அந்த 800 புரிந்தது. ஏ.பி.யைப் பாடம் படிக்காமலும் எழுதலாம். அதற்குத் தேர்வு நடத்தும் பள்ளி ஒன்று நம்மைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். நம் ஊரின் பெரும்பாலான பள்ளிகளில் ஏ.பி. என்ற பேச்சே இல்லை.

பொதுத் தேர்வான எஸ்.ஏ.டி.யைப் பெருந்தொற்றுக் காலத்தில் கைவிட்ட எம்.ஐ.டி. 2022 மார்ச்சில் அதை மீண்டும் கட்டாயமாக்கியது. உயர்நிலைப் பாடங்கள் கிடைக்காத பள்ளிகளிலிருந்து வரும் திறமையானவர்களை அடையாளம் காண அது உதவுகிறது என்று சேர்க்கைத் தலைவர் ஸ்டூ ஷ்மில் விளக்கினார். கால்டெக் 2024இல் அதே வழிக்கு வந்தது. ஒரு காலத்தில் இரண்டு பாடத் தேர்வுகளைக் கட்டாயமாகக் கேட்ட கலிஃபோர்னியா பல்கலைக்கழகமோ இன்று எஸ்.ஏ.டி.யையே பார்ப்பதில்லை.

திரும்பி வந்த எஸ்.ஏ.டி. இப்போது மடிக்கணினியில் நடக்கிறது: 2 மணி 14 நிமிடம், 98 வினா. வரைபடம் போடும் கால்குலேட்டர் திரையிலேயே உண்டு. அதில் இயற்பியல் இல்லை, வேதியியல் இல்லை, கால்குலஸும் இல்லை. எம்.ஐ.டி.யில் சேர்ந்தபின் எந்தத் துறையை எடுத்தாலும் கால்குலஸும் இயற்பியலும் இரண்டு பருவம் படித்தாக வேண்டும் என்ற விதி மட்டும் அப்படியே இருக்கிறது.

எந்தப் பாடம் என்ற கேள்வி இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. அன்று அதற்குத் தேர்வறையில், கையில் பென்சிலோடுகூட விடை சொல்லலாம். இன்று பத்தாம் வகுப்பின் வசந்த காலத்தில், அடுத்த ஆண்டுப் பாடங்களைக் குறித்துத் தரச் சொல்லும் தாள் வீட்டுக்கு வரும்போதே சொல்லியாக வேண்டும். அதற்கும் முன், அந்தத் தாளில் ஏ.பி. இயற்பியல் என்ற வரி இருக்க வேண்டும்.