ஒரு மெகாவாட்டுக்கு எவ்வளவு தண்ணீர்?

2025 அக்டோபரில் விசாகப்பட்டினத்தில் 1,500 கோடி டாலர் செலவில் செயற்கை நுண்ணறிவுத் தரவு மையம் அமைக்கப் போவதாக கூகுள் அறிவித்தது. தர்லுவாடா கிராமத்து விவசாயிகள் நிலம் எடுப்பதை எதிர்த்தார்கள்; மனித உரிமை அமைப்பினர் தண்ணீர்க் கணக்கையும் மின்சாரக் கணக்கையும் கேட்டார்கள். இப்படிக் கேட்பவர்களுக்கு வளர்ச்சியின் எதிரிகள் என்று பட்டம் கட்டிவிடுகிறார்கள். ஆனால் அவர்கள் எழுப்புவது கலப்படமற்ற இயற்பியல் கேள்வி.

கணினி இழுக்கும் மின்சாரம் ஏறத்தாழ முழுவதும் கடைசியில் வெப்பமாகிறது. அதை வெளியேற்றப் பரவலாகக் கையாளப்படும் வழி, குளிர்விப்புக் கோபுரங்களில் தண்ணீரை ஆவியாக்குவது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகச் சுமார் 2.4 மெகாஜூல் வெப்பம் வேண்டும்; ஒரு யூனிட் மின்சாரம் என்பது 3.6 மெகாஜூல். ஆக, யூனிட்டுக்கு ஒன்றரை லிட்டர். 100 மெகாவாட் மையம் ஒன்று தன் வெப்பம் முழுவதையும் இப்படியே தணித்தால், நாளொன்றுக்கு 36 லட்சம் லிட்டர் காற்றில் கலந்துவிடும். ஜல் ஜீவன் திட்டம் கிராமத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒதுக்குவது 55 லிட்டர். அந்தக் கணக்கில் இது 65,000 பேரின் ஒருநாள் தண்ணீர். விசாகப்பட்டினத்தில் பேசப்படுவதோ ஆயிரம் மெகாவாட்.

தமிழக எல்லையை ஒட்டிய கேரளத்துப் பொழியூர்க் கடற்கரையில் அப்படியொரு மையம் வந்தால் என்று இந்தக் கணக்கை வைத்துப் பாருங்கள். ஒருபுறம் கடல், அருகிலேயே நெய்யாற்றின் பொழிமுகம். இப்படிப்பட்ட மணற்பாங்கான கரையில் மண்ணுக்குள் இறங்கிய மழைநீர், கனம் கூடிய உவர்நீரின் மேல் மிதந்து நிற்கும். கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 மீட்டர் நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீரியலின் பழைய விதி. மேலே அரை மீட்டர் இறங்கினால் அடியிலிருந்து உப்பு மெல்ல மெல்ல 20 மீட்டர் ஏறிவரும். மோட்டார் ஓடுவது ஒருவர் வேலிக்குள். உப்புக் கரிப்பது அடுத்த வீட்டுக் கிணறு. சரி, ஆற்றிலிருந்து எடுக்கலாமே என்றால், நெய்யாற்றின் இடதுகரைக் கால்வாயில் தமிழகத்தின் விளவங்கோடு வட்டத்துக்கு வந்த தண்ணீர் 2004-இல் நின்று, 2012-இல் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. அந்த ஆற்றுக்கு இன்னொரு பெரிய பங்காளியைக் கொண்டுவர நினைப்பவர், முதலில் கணக்கைக் காட்ட வேண்டும்.

விவசாயம் இதைவிடப் பல மடங்கு தண்ணீர் குடிக்கிறதே என்பார்கள். நாட்டுக் கணக்கில் உண்மைதான். ஆனால் வயலுக்குப் பாய்ச்சும் நீரில் ஒரு பங்கு மண்ணுக்குள் திரும்புகிறது. கோபுரத்தில் ஆவியானது அந்த ஊருக்குத் திரும்புவதில்லை. அதிலும், கிணறு வற்றும் கோடையில்தான் குளிர்விப்புக்கு அதிகத் தண்ணீர் வேண்டும். காற்றாலேயே குளிர்விக்கலாம் என்பது இதைவிட நேர்மையான பதில். தண்ணீர் மிச்சமாகும், ஆனால் மின்செலவு கூடும். கடல்நீரை எடுக்கலாம் என்றால், சூடேறிய நீர் திரும்பக் கடலில்தான் விழும்; குழாய்க்கும் கரையில் கட்டுமானம் வேண்டும். எல்லைக்கு அந்தப்புறம் தமிழகத்தின் நீரோடிப் பக்கம் கடலுக்குள் கல் கொட்டிப் போட்ட தூண்டில் வளைவால்தான் தங்கள் கரை அரிபடுகிறது என்று சொல்லிவரும் பொழியூர் மீனவர்களிடம் இந்த யோசனையைச் சாதாரணமாக எடுத்துச் செல்ல முடியாது.

எதிர்ப்பு தொழில்நுட்பத்தைத் திருத்தவும் செய்யும். சிலியின் செரில்லோஸில் வினாடிக்கு 169 லிட்டர் நிலத்தடி நீர் கேட்ட கூகுள் திட்டத்தை அவ்வூர் மக்கள் எதிர்த்தார்கள். 2024-இல் சுற்றுச்சூழல் நீதிமன்றம் அனுமதியைப் பகுதியளவில் ரத்து செய்தது. காற்றுக் குளிர்விப்போடு புதிதாகத் தொடங்குவதாக நிறுவனம் அறிவித்தது. எனவே நிலம் கைமாறுவதற்கு முன்பே, எத்தனை லிட்டர், எந்த ஊற்றிலிருந்து, கோடையில் எவ்வளவு என்ற கணக்கு கிராம சபையின் முன் வந்தாக வேண்டும். ஊர்க் கிணறுகளின் நீர்மட்டத்தையும் உப்பளவையும் ஓராண்டாவது அளந்து வைத்திருக்க வேண்டும். அந்த அளவு கையில் இல்லாமல் பின்னால் வரும் சேதத்தை யாரும் நிரூபிக்க முடியாது. தொழிற்சாலை ஓடத் தொடங்கிய பிறகு கேட்டால் என்ன ஆகும் என்பதைத் தமிழக எல்லையை ஒட்டிய கேரளக் கிராமமான பிளாச்சிமடை காட்டியது. மயிலம்மா போன்ற ஆதிவாசிப் பெண்கள் 2002-இல் தங்கள் நிலத்தடி நீரை உறிஞ்சிய கோகோ கோலா ஆலைக்கு எதிராகப் போராடத் தொடங்கினார்கள். 2004-இல் ஆலை நின்றது. 2010-இல் கேரள அரசின் உயர்நிலைக் குழு இழப்பை 216 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கான மசோதா 2011-இல் சட்டமன்றத்தில் நிறைவேறியும், குடியரசுத் தலைவரின் ஒப்புதல் அதற்குக் கிடைக்கவில்லை.