தகடு எடுக்க வருகிறவரும் தோட்டத்துக் குடும்பமும்

1963இல் கொழும்பிலிருந்து ஒரு சவால் வெளிவந்தது. ஏமாற்ற வழியில்லாத சூழலில் அமானுஷ்ய சக்தி எதையாவது நிரூபிப்பவருக்கு ஒரு லட்சம் ரூபாய். மூடிய உறைக்குள் இருக்கும் நோட்டின் எண்ணைச் சொன்னாலே போதும். சவால் விட்டவர் ஆபிரகாம் கோவூர். திருவல்லாவில் பிறந்து, 1928இல் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கு ஆசிரியராக வந்தவர். பிறகு இலங்கைப் பகுத்தறிவாளர் சங்கத்தின் தலைவர். 1978இல் அவர் கண்மூடும்வரை அந்தப் பணத்தை யாராலும் வெல்ல முடியவில்லை.

கோவூருக்குப் பின் சவாலைத் தொடர்ந்தவர் கோயம்புத்தூர் போத்தனூரைச் சேர்ந்த மேஜிக் கலைஞர் பி. பிரேமானந்த். வெறுங்கையில் விபூதி வரவழைப்பார். அது விரலிடுக்கில் எப்படி ஒளிந்திருந்தது என்பதையும் அதே மேடையில் காட்டிவிடுவார். அமெரிக்காவில் ஜேம்ஸ் ராண்டியும் மேஜிக்காரர்தான். பீட்டர் போப்போஃப் என்ற போதகர் முன்பின் தெரியாதவர்களின் பெயரையும் நோயையும் சொன்னது தெய்வ அருளால் அல்ல, காதுக்குள் இருந்த கருவியில் மனைவி சொல்லக் கேட்டுத்தான் என்பதை 1986இல் ராண்டி அம்பலப்படுத்தினார். கைவித்தை தெரிந்தவர் கண்ணுக்குத்தான் கைவித்தை பிடிபடும்.

நம் மலையகத்தில் ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைத் தேயிலைத் தோட்டங்கள் பக்கம் குறி சொல்ல வருகிறவருக்குக் காதுக்கருவிகூடத் தேவையில்லை. "உங்க வீட்டுப் பிள்ளை ஒண்ணு தூரத்துல இருக்கு, அதை நெனச்சு கலங்குறீங்க" என்பார். கொழும்புக் கடையிலோ மத்திய கிழக்கு நாட்டு வீட்டிலோ ஆள் இல்லாத லயம் எங்கே இருக்கிறது? "இடுப்பு வலி விடமாட்டேங்குது" என்பார். கூடை சுமந்து மலையேறிக் கொழுந்து பறிக்கிற அம்மாவுக்கு வலிக்காமல் இருக்குமா? மிச்ச விவரம் தேநீர்க் கடையில் கிடைத்துவிடும்.

பிறகு வித்தை. கத்தியில் செம்பருத்திச் சாற்றைத் தடவிக் காயவிட்டால், அது வெட்டும் எலுமிச்சை "இரத்தம்" விடும். புளிப்புப் பட்டதும் அந்தச் சாறு சிவக்கிறது, அவ்வளவுதான். தீக்குச்சியில்லாமல் ஓமம் எரிவது பொட்டாசியம் பெர்மாங்கனேட் தூளில் நெய்போல் தெரியும் கிளிசரினை ஊற்றுவதால். வாசலில் தோண்டி எடுக்கிற செய்வினைத் தகடு முதல்நாள் இரவே புதைக்கப்பட்டிருக்கலாம், தோண்டும்போதே அவர் கைக்குள்ளும் இருக்கலாம். தோண்டுவதை நம் வீட்டு ஆள் செய்யட்டும், இடத்தை நாம் சொல்வோம் என்று கேட்டுப் பாருங்கள்.

மாரியம்மன் திருவிழாவையோ தீமிதியையோ இங்கே குறை சொல்லவில்லை. நேர்த்திக்கடன் அவரவர் மனசு. பயத்தைக் கிளப்பி, "நாப்பத்தெட்டு நாளுக்குள்ள ஒரு உயிர் போகும்" என்று மிரட்டி, காதுத் தோட்டை அடகு வைக்கச் செய்கிறவர் செய்வது வழிபாடு இல்லை. அது குற்றம். இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 398ஆம் பிரிவு வஞ்சித்தல் எது என்று சொல்கிறது; வஞ்சித்துப் பொருளைக் கைப்பற்றுவதற்கு 403ஆம் பிரிவில் சிறைத்தண்டனை உண்டு.

ஏமாந்தவர்கள் பெரும்பாலும் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்கிறார்கள். அந்த மௌனம்தான் அந்த ஆளை அடுத்த தோட்டத்துக்கு அனுப்புகிறது. அடகுச் சீட்டு, தொலைபேசியில் வந்த செய்தி, பணம் அனுப்பிய ரசீது, அவர் கொடுத்த தகடு, எதையும் ஆற்றில் வீச வேண்டாம். பொலிஸில் முறைப்பாட்டைத் தமிழிலேயே கொடுக்கலாம். அரசியலமைப்பின் மொழி அத்தியாயம் தந்த உரிமை அது. முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். வெளியே சொன்னால் இரத்தம் கக்குவாய் என்று மிரட்டியிருந்தால் அதையும் எழுதச் சொல்லுங்கள். வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லாத குடும்பத்துக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.

பணத்தைவிடப் பெரிய இழப்பும் உண்டு. வலிப்பு வந்த பிள்ளையையும், பிரசவத்துக்குப் பின் தனக்குத்தானே பேசுகிற பெண்ணையும் பேய் பிடித்ததென்று கட்டிவைத்து அடிப்பது மருந்து கிடைக்க வேண்டிய நேரத்தைத் தின்றுவிடுகிறது. வலிப்புக்கு மாத்திரை இருக்கிறது, மனநோய்க்கு வைத்தியம் இருக்கிறது, அரச வைத்தியசாலையில் இரண்டுக்கும் காசில்லை. அவசரமென்றால் 1990ஐ அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். மனம் சம்பந்தப்பட்டதென்றால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926. பூசாரி மந்திரித்த கயிற்றைக் கட்டிக்கொண்டே போனாலும் வைத்தியர் பார்ப்பார்.