வெறும் மண்ணில் புல் முளைக்க: உரத்துக்கு முன் மேல்மண்

மண்சரிவுக்குப் பின் தோட்டத்துக்குத் திரும்பும்போது, லயத்தைச் சுற்றி வெறும் மண் கிடப்பதைக் காண்பீர்கள். மழை பெய்தால் அது கரைந்து கானை அடைத்து உங்கள் வாசலுக்கு வரும். புல் வளர்ந்தால் மேல்மண் கரைவது குறையும். மாட்டுக்கும் தீனி கிடைக்கும். ஆனால் விதையோடு உரத்தையும் சேர்த்துப் போட்டால் புல் முளைக்காமற் போகலாம்.

உப்பு எங்கிருந்து வருகிறது?

பதுளை மாவட்டத்தின் தேயிலை மண் கடலோர மண்ணைப் போல் உப்பு மண் அல்ல, புளிப்பு மண். உப்பு நாம் போடுவதிலிருந்தே வருகிறது. அமோனியம் சல்பேட்டும் பொட்டாஷ் உரமும் உப்புக்களே. கோழி எருவிலும் அடுப்புச் சாம்பலிலும் உப்பு உண்டு. இவை விதையருகே குவிந்தால் விதையால் நீரை உறிஞ்ச முடியாது. முளைத்தாலும், வாட்டத்தில் எத்திலீன் என்ற வாயு கூடுதலாகச் சுரந்து இளவேரின் வளர்ச்சியைத் தடுக்கும்.

பற்றீரியா என்ன செய்கிறது?

நல்ல மேல்மண்ணில் வாழும் சூடோமோனாஸ், பசிலஸ் போன்றவற்றில் சில வகைகள், எத்திலீன் உருவாகத் தேவையான பொருளைத் தின்றுவிடுகின்றன. அவை சுரக்கும் பசை வேரைச் சுற்றி ஈரத்தைப் பிடித்து, உப்பின் ஒரு பகுதியைத் தடுத்து வைக்கிறது. மண்சரிவு அடித்துச் சென்றது இந்த மேல்மண்ணைத்தான்.

நீங்கள் செய்யக்கூடியவை

1. சமதரையில், புல் செழித்த இடத்திலிருந்து சிறிது மேல்மண் எடுங்கள். சரிவில் தோண்ட வேண்டாம்.
2. நன்றாக மக்கிய சாணத்துடன் அதைக் கலந்து பரப்பி, கினிப்புல் விதையைத் தூவி, மெல்லிய மண்ணாலும் காய்ந்த புல்லாலும் மூடுங்கள்.
3. ஈரம் காயாமல் பாருங்கள். வேரூன்றும் வரை உரம், சாம்பல், கோழி எரு போட வேண்டாம்.
4. மானாப்புல், வெட்டிவேர் ஆகியவற்றைத் தூர் பிரித்து நடுங்கள்.

சந்தேகம் இருந்தால் விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள்.

மறக்க வேண்டாம்

புல் மேல்மண்ணை மட்டுமே காக்கும். ஆழத்தில் நகரும் மலையை நிறுத்தாது. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களையே மண் மூடியது. மீண்டும் வீடு கட்டுமுன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆலோசனையைப் பெறுங்கள். நிலத்தில் வெடிப்பு, மரங்கள் சாய்தல், திடீர் ஊற்று, ஊற்றுநீர் கலங்கல் ஆகியவற்றைக் கண்டால் உடனே பிள்ளைகளோடும் முதியவர்களோடும் வெளியேறி, பாதுகாப்பான இடத்திலிருந்து 117க்கு அழையுங்கள்.