வெளிநாடு போன ஆசிரியர் என்ன கொண்டு வருவார்?

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் காய்கறி விற்கும் அக்கா ஒருவர் எங்கள் மாலை வகுப்புக்கு வந்துகொண்டிருந்தார். காய் பொதிந்து கொடுக்கப் பழைய செய்தித்தாள் வாங்குவார். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த பிறகு, பொதிவதற்கு முன் தாளைப் படித்துப் பார்ப்பார். ஒரு நாள் ஒரு தாளை மடித்து வகுப்புக்குக் கொண்டு வந்தார்.

2024 அக்டோபர் மாதச் செய்தி அது. தமிழ்நாட்டில் 'கனவு ஆசிரியர்' என்று ஒரு விருது உண்டு. அந்த விருது பெற்ற 54 ஆசிரியர்களை அரசு பிரான்சு நாட்டுக்குக் கல்விச் சுற்றுலா அழைத்துச் சென்றது.

அக்கா கேட்டார்: "அம்பத்தி நாலு சாருமாரு பாரீசுக்குப் போனாங்களாம். போனவங்களுக்குச் சந்தோஷம். நம்ம பிள்ளைகளுக்கு அதுல என்ன இருக்கு டீச்சரே?"

நல்ல கேள்வி. அரசின் பணம் நம் பணம். கேட்க நமக்கு உரிமை உண்டு. வாருங்கள், பதிலைத் தேடிப் பார்ப்போம்.

பெட்டியில் வராத பொருள்

நம் ஊரில் வெளிநாட்டுப் பயணம் புதிதல்ல. வீட்டுக்கு ஒருவர் வளைகுடா நாட்டில் இருப்பார். அவர் லீவில் வரும்போது பெரிய பெட்டி வரும். சென்ட், சோப்பு, துணி, பிள்ளைகளுக்கு மிட்டாய் எல்லாம் அதில் இருக்கும். பெட்டியைத் திறந்ததும் பலன் தெரிந்துவிடும்.

ஆசிரியர் கொண்டு வருவது பெட்டியில் இருக்காது. அது அவருடைய கண்ணிலும் காதிலும் மனத்திலும் இருக்கும். வகுப்பில் அவர் பாடம் நடத்தும்போதுதான் அது வெளியே வரும்.

ஆசிரியர் மாணவர் ஆகிறார்

எழுதப் படிக்கத் தெரியாத காலத்தை நினைத்துப் பாருங்கள். தம்பானூர் பஸ் நிலையத்தில் நிற்கிறீர்கள். பஸ் வருகிறது. போர்டில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியவில்லை. பக்கத்தில் நிற்பவரிடம் கேட்க வெட்கம். தமிழ் படித்தவருக்கும் மலையாளப் போர்டின் முன்னால் இதே நிலைதான்.

ஆசிரியருக்கு இந்த நிலை எப்போதும் வருவதில்லை. அவர் தெரிந்தவராகவே நிற்கிறார். தெரியாதவர்கள் அவர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். 'இது கூடவா புரியவில்லை?' என்று கேட்பது அவருக்கு எளிது.

அவர் பாரீசுக்குப் போனால் என்ன ஆகும்? போர்டு புரியாது. பேச்சு புரியாது. வழி கேட்க வேண்டும். தப்பாகப் பேசினால் யாராவது சிரிப்பார்களோ என்று பயம் வரும். சில நாட்களுக்கு அவரும் மாணவர் ஆகிறார். அந்தப் பயத்தை உணர்ந்தவர், வகுப்பில் வாய் திறக்காத குழந்தையைத் திட்டமாட்டார். அருகில் அழைத்துக் கேட்பார். இது முதல் பலன்.

பாடமும் உயிர் பெறும். திருவனந்தபுரத்தில் பகல் 12 மணி ஆகும்போது, குளிர்காலத்தில் பாரீசில் காலை 7.30 மணிதான். பூமி சுற்றுகிறது என்று புத்தகத்தில் இருக்கும். 'நான் அங்கே காலைச் சாயா குடித்தபோது நீங்கள் இங்கே மதியச் சோற்றுக்கு மணி அடிக்கக் காத்திருந்தீர்கள்' என்று ஆசிரியர் சொன்னால் பிள்ளைகள் மறக்கமாட்டார்கள்.

அமெரிக்கா போனவர் எதைப் படித்தார்?

இனி நம் ஊர் ஆசிரியர் ஒருவரின் கதையைப் பார்ப்போம். அவர் பெயர் வ. அய். சுப்பிரமணியம். நாகர்கோவில் வடசேரியில் 1926ஆம் ஆண்டு பிறந்தவர். அப்போது நாகர்கோவில் திருவிதாங்கூர் நாட்டில் இருந்தது. அவர் தமிழ் படித்துத் தமிழ் ஆசிரியர் ஆனார்.

பிறகு அவர் அமெரிக்காவுக்குப் போனார். இந்தியானா பல்கலைக்கழகத்தில் மொழியியல் படித்தார். 1957இல் முனைவர் பட்டம் பெற்றார்.

மொழியியல் என்றால் என்ன? இலக்கணம் 'இப்படிப் பேச வேண்டும், எழுத வேண்டும்' என்று சொல்லும். மொழியியல் 'மக்கள் எப்படிப் பேசுகிறார்கள்?' என்று கேட்கும். நாக்கு எங்கே படுகிறது, உதடு எப்படிக் குவிகிறது, எந்த ஊரில் எந்தச் சொல் வழங்குகிறது என்று கவனிக்கும்.

அமெரிக்காவின் பழங்குடி மக்களுடைய மொழிகள் பலவற்றுக்கு எழுத்து இல்லை. அங்குள்ள பேராசிரியர்கள் அந்த மக்களிடம் போய் உட்கார்ந்தார்கள். பேச்சைக் கேட்டார்கள். ஒவ்வொரு ஒலியையும் குறித்துக்கொண்டார்கள். எழுத்து இல்லாத மொழிக்கும் ஒழுங்கு உண்டு என்று காட்டினார்கள். இந்த வழிமுறையைத்தான் அங்கே மொழியியல் மாணவர்கள் கற்றார்கள்.

அப்படிக் கற்ற சுப்பிரமணியம் ஆராய்ச்சிக்கு எதை எடுத்துக்கொண்டார் தெரியுமா? தமிழின் ஒரு பேச்சு வழக்கை. புலவர்களின் தமிழை அல்ல, சனங்கள் வாயால் பேசும் தமிழை. அதற்குத்தான் அமெரிக்கா முனைவர் பட்டம் கொடுத்தது.

இதைச் சொன்னபோது எங்கள் வகுப்பு அமைதியானது. காரணம் உண்டு. நம்மில் பலர் பேசுவது மலையாளம் கலந்த தமிழ். தமிழ்நாட்டுக்குப் போனால் மலையாளம் என்று சிரிப்பார்கள். இங்கே மலையாளம் பேசினால் தமிழ் வாடை என்று சிரிப்பார்கள். பிள்ளையின் பள்ளிக்கூடத்துக் கூட்டத்தில் வாயைத் திறக்காமல் திரும்பி வந்தவர்கள் எங்கள் வகுப்பில் இருந்தார்கள். அக்காவும் அப்படித்தான்.

அவர் கேட்டார்: "அப்போ நம்ம பேச்சையும் ஒரு சார் எழுதி வைப்பாரா?"

எழுதி வைத்தார்கள். அதை அடுத்துப் பார்ப்போம்.

மாணவர்களுக்குக் கிடைத்தது

சுப்பிரமணியம் திருவனந்தபுரத்துக்குத் திரும்பினார். கேரளப் பல்கலைக்கழகத்தில் 1963இல் அவர் தலைமையில் மொழியியல் துறை தொடங்கியது. மொழியியல் படிக்க விரும்பிய மாணவர்கள் அதற்காகக் கடல் கடக்க வேண்டியதில்லை என்று ஆனது. ஒருவர் போய்க் கற்றார். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் இங்கேயே கற்றார்கள். காரியவட்டத்தில் அந்தத் துறை இன்றும் இருக்கிறது.

கேரளம் முழுவதும் மலையாளப் பேச்சைச் சேகரிக்கும் வேலை நடந்தது. ஒரே பொருளை எந்த ஊரில் என்ன சொல்லி அழைக்கிறார்கள் என்று கேட்டுக் கேட்டுக் குறித்தார்கள். ஈழவர், தீயர் மக்களின் பேச்சு வழக்கை வரைபடமாகக் காட்டும் நூல் 1974இல் வெளிவந்தது. ஊருக்கு ஊர் பேச்சு மாறும். அது பிழை அல்ல, அதற்கும் ஒழுங்கு உண்டு என்று அந்த நூல் காட்டியது.

வேலை அதோடு நிற்கவில்லை. 1971இல் திராவிட மொழியியல் கழகம் திருவனந்தபுரத்தில் தோன்றியது. 1972 முதல் அதன் ஆய்விதழ் வெளிவந்தது. 1977இல் பன்னாட்டுத் திராவிட மொழியியல் பள்ளி உருவானது. தஞ்சாவூரில் 1981இல் தமிழ்ப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது சுப்பிரமணியமே அதன் முதல் துணைவேந்தர் ஆனார். 2009இல் அவர் காலமானார்.

ஒரு மனிதரின் பயணம் எத்தனை பேருக்கு வழி ஆனது பாருங்கள். அவர் அங்கேயே தங்கியிருந்தால் இது நடந்திருக்குமா?

தொலைந்த புத்தகம் கிடைத்தது

இன்னொரு ஆசிரியர் தனிநாயகம் அடிகள். இலங்கையில் 1913இல் பிறந்தவர். ரோம் நகரில் படித்துப் பாதிரியார் ஆனவர். திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் பள்ளியில் வேலை பார்த்தார். தமிழை ஆழமாகக் கற்கத் தொடங்கியது அங்கேதான். பிறகு இலங்கையிலும் மலேசியாவிலும் பல்கலைக்கழக ஆசிரியராக இருந்தார். உலகம் எங்கும் பயணம் செய்தார்.

போன இடங்களில் அவர் நூலகங்களுக்குள் நுழைந்தார். தமிழ் நூல் ஏதாவது இருக்கிறதா என்று தேடினார். ரோமில் வத்திக்கான் நூலகத்தில் 1954இல் ஒரு பழைய நூலைக் கண்டார். அது தமிழுக்குப் போர்ச்சுக்கீசிய மொழியில் பொருள் சொல்லும் அகராதி. அந்தோணி புரோயன்சா என்ற பாதிரியார் தொகுத்தது. அச்சான ஆண்டு 1679.

அது எங்கே அச்சானது தெரியுமா? கேரளத்தில், இன்றைய திருச்சூர் மாவட்டத்தில் உள்ள அம்பழக்காட்டில்! நம் மண்ணில் அச்சான தமிழ்ப் புத்தகத்தைப் பார்க்க ரோமுக்குப் போக வேண்டியிருந்தது.

தனிநாயகம் பார்த்துவிட்டு வந்துவிடவில்லை. அந்த அகராதி 1966இல் மலாயாப் பல்கலைக்கழகத்தின் வழியாக மறுபடி வெளிவர ஏற்பாடு செய்தார். ரோமுக்குப் போக முடியாத மாணவரும் அதைப் புரட்ட முடிந்தது.

இந்த இரண்டு ஆசிரியர்களும் நண்பர்கள். உலகத்தின் பல நாடுகளில் தமிழை ஆராய்பவர்கள் இருக்கிறார்கள் என்று பயணத்தில் அறிந்தவர்கள். அவர்கள் வேறு சில அறிஞர்களோடு சேர்ந்து 1964இல் டில்லியில் உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றத்தைத் தொடங்கினார்கள். 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு நடந்தது.

அங்கிருந்தும் வருவார்கள்

இங்கிருந்து போவது போலவே அங்கிருந்தும் ஆசிரியர்கள் வருவது உண்டு. ஆர். இ. ஆஷர் என்பவர் பிரிட்டனில் பிறந்தவர். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். இந்தியாவுக்கு வந்து தமிழும் மலையாளமும் ஆராய்ந்தார். தகழியின் கதையையும் வைக்கம் முகம்மது பஷீரின் கதைகளையும் ஆங்கிலத்தில் எழுதினார். நம் ஊர்க் கதை அவர் ஊர் மாணவர்களுக்குக் கிடைத்தது. பயணத்தில் நாம் வாங்குவது மட்டும் இல்லை. கொடுப்பதும் உண்டு.

எதைக் கொண்டு வரலாம்? எது வராது?

2022 அக்டோபரில் கேரள முதலமைச்சரும் கல்வி அமைச்சரும் பின்லாந்துக்குப் போய் அங்குள்ள கல்வியைப் பார்த்தார்கள். பின்லாந்தில் குழந்தைகள் 7 வயதில்தான் முதல் வகுப்பில் சேருகிறார்கள். ஒரு பாடம் முடிந்ததும் ஓடி விளையாட இடைவேளை உண்டு. ஆசிரியர் ஆக முதுகலைப் பட்டம் வேண்டும்.

இவை எல்லாவற்றையும் அப்படியே இங்கே நட முடியாது. பின்லாந்து மக்கள் 55 லட்சம் பேருக்குச் சற்று அதிகம். கேரளத்தில் 3 கோடிக்கு மேல். மண் வேறு, மழை வேறு. ஆனால் 'பாடத்துக்குப் பாடம் பிள்ளைகள் மூச்சு விடட்டும்' என்பதைக் கொண்டு வரச் செலவு இல்லை. ஒரு ஆசிரியர் மனம் வைத்தால் போதும்.

நம்மிடம் இருப்பதன் அருமையும் பயணத்தில் தெரியும். பின்லாந்து 1948 முதல் எல்லாப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் இலவச மதிய உணவு தருகிறது. தமிழ்நாட்டில் காமராசர் 1956இல் மதிய உணவு தொடங்கினார். பணக்கார நாடும் ஏழை மாநிலமும் ஒரே முடிவுக்கு வந்தன. பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது.

நாம் என்ன கேட்கலாம்?

எல்லாப் பயணமும் பலன் தராது. படம் பிடித்து, பொருள் வாங்கி, திரும்பி வந்தால் அது உல்லாசப் பயணம் மட்டுமே. பலன் வேண்டும் என்றால் மூன்று வேலை வேண்டும்.

ஒன்று, போகும் முன் எதைக் கற்க வேண்டும் என்று முடிவு செய்ய வேண்டும்.

இரண்டு, அங்கே கட்டடங்களை மட்டும் பார்க்காமல் வகுப்பறையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

மூன்று, திரும்பி வந்ததும் மாணவர்களுக்கும் மற்ற ஆசிரியர்களுக்கும் சொல்ல வேண்டும். ஒரு மாற்றமாவது செய்து காட்ட வேண்டும்.

உங்கள் பிள்ளையின் ஆசிரியர் வெளிநாடு போய் வந்தால், பெற்றோர் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள்: 'சார், அங்கே என்ன பார்த்தீர்கள்? எங்கள் பிள்ளைகளுக்கு அதில் எதைத் தரப் போகிறீர்கள்?' நல்ல ஆசிரியர் கோபப்படமாட்டார். மகிழ்ச்சியோடு சொல்வார்.

உங்களுக்கு வருகிற பேச்சில் கேளுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. அப்படிப்பட்ட பேச்சை ஆராயும் முறையைக் கற்கத்தான் ஒரு ஆசிரியர் அமெரிக்கா வரை போனார்.

அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு அக்கா போனார். அன்று கடையைச் சீக்கிரம் மூடினார். மறுநாள் வகுப்பில் சொன்னார்: "கை நடுங்கிச்சு. ஆனா எழுந்து கேட்டேன் டீச்சரே."

பேசிப் பார்ப்போம்

1. தெரியாத ஊரில், தெரியாத மொழியின் நடுவே நீங்கள் நின்றது உண்டா? அப்போது எப்படி இருந்தது?

2. உங்கள் வீட்டில் வழங்கும், வேறு ஊரில் கேட்காத சொற்கள் ஐந்தை எழுதுங்கள்.

3. வெளிநாட்டு ஆசிரியர் ஒருவர் நம் ஊர்ப் பள்ளிக்கு வந்தால், அவருக்கு எதைக் காட்டுவீர்கள்?