படகுப் பொறியின் ரப்பர்த் தாங்கிகள்



கடற்கரை ஊரொன்றில் நான் பணியாற்றிய காலத்தில், என் மாணவன் ஒருவனின் தந்தை கடன் பட்டேனும் புதிய இயந்திரம் வாங்க முனைந்தார். படகு ஓயாமல் அதிர்ந்ததே காரணம். பழுதோ இயந்திரத்தில் இல்லை. அது அமர்ந்திருந்த ரப்பரில் இருந்தது.

நான்கு உருளைகள் கொண்ட நான்கு வீச்சு டீசல் இயந்திரம் நிமிடத்திற்கு 1,800 முறை சுழன்றால், அதனுள் வினாடிக்கு 60 வெடிப்புகள் நிகழ்கின்றன. அந்த அதிர்வு படகின் உடலைச் சேராதவாறு தடுப்பதற்காகவே, இயந்திரத்தின் அடியில் ரப்பர்த் தாங்கிகளை வைக்கின்றனர். பட்டறையில் இவற்றுக்கு ‘மவுண்டிங்’ என்று பெயர். விசிறி நீரைப் பின்னே தள்ளும்போது எழும் உந்துவிசையையும் பல படகுகளில் இவையே தாங்குகின்றன.

வெப்பமும் கசியும் எண்ணெயும் ரப்பரைக் கெடுக்கும். அது வெடிக்கும், அமுங்கும். இயந்திரம் தாழவே, விசிறித் தண்டு நேர்க்கோட்டினின்று விலகும். விலகிய தண்டு, நீரைத் தடுக்கும் அடைப்பைத் தேய்க்கும். பிறகு கடல்நீர் உள்ளே கசியத் தொடங்கும். சிறு ரப்பரின் தேய்வு உயிருக்கே உலை வைப்பது இவ்வாறுதான்.

மாற்றும் முறை யாது? தாங்கிகள் அனைத்தையும் ஒருங்கே மாற்றுதல் நன்று. பழையதும் புதியதும் ஒரே அளவாக அமுங்கமாட்டா. முதலில் தண்டின் இணைப்பைக் கழற்றுக. இயந்திரத்தைச் சங்கிலிக் கப்பியால் சிறிதே தூக்கி, ஒவ்வொன்றாக மாற்றுக. எண்ணெய்த் தொட்டியின் அடியில் ஜாக்கி வைத்துத் தூக்குதல் ஆகாது, அது நசுங்கும்.

புதிய ரப்பர் பாரத்தால் சற்று அமுங்குமாதலால், ஓரிரு நாள் விட்டு நேர்மையைச் சோதித்தல் வேண்டும். அப்போது படகு நீரில் மிதக்கட்டும். கரையில் சில கட்டைகள்மீது நிற்கும் படகின் வடிவம், மிதக்கும்போது சிறிது மாறிவிடும் அல்லவா? இணைப்புத் தகடுகளுக்கு இடையே மேல், கீழ், இடம், வலம் ஆகிய நான்கு புறமும் இடைவெளியை அளக்க வேண்டும். தகட்டின் விட்டம் 100 மில்லிமீட்டர் எனில், வேறுபாடு ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டருக்கு மேற்படலாகாது என்பது பொது விதி. தாங்கியின் மரையைத் திருகி, இயந்திரத்தை உயர்த்தியோ தாழ்த்தியோ இதைச் சரி செய்யலாம். சில நாள் ஓட்டியபின் மீண்டும் அளந்து பார்ப்பது அவசியம்.

அந்தத் தந்தை புதிய இயந்திரம் வாங்கவில்லை. தாங்கிகளை மட்டும் மாற்றினார்; அதிர்வு அடங்கியது. ஓசை எழும் இடம் வேறு, பழுது இருக்கும் இடம் வேறு என்பதை அன்று என் மாணவன் பாடநூலின் துணையின்றியே கற்றுக்கொண்டான். நீங்களும் எந்தப் பொறியையும் குறை கூறுமுன், அது எதன்மீது நிற்கிறது என்று குனிந்து பாருங்கள்.