முதுகுவலியும் மாட்டுத் தொழுவமும்

இடுப்புக்குச் சற்று மேலே மாதக்கணக்கில் வலி. சாயங்காலமானால் காய்ச்சல். இரவில் படுக்கை நனையும் அளவுக்கு வியர்வை. வலி மாத்திரை போட்டால் அடங்குகிறது, நிறுத்தினால் திரும்புகிறது. ஆடு மாடு வளர்ப்பவருக்கோ இறைச்சிக்கூடத்தில் வேலை செய்பவருக்கோ இப்படி இருந்தால், 'சுமை தூக்கியதால் வந்த வலி' என்று தள்ளிவிடக் கூடாது. கால்நடைகளிடமிருந்து தொற்றும் புரூசெல்லோசிஸ் என்ற நோய் முதுகெலும்பில் இறங்கியிருக்கலாம்.

கிருமி வரும் வழி

மால்டா தீவில் காய்ச்சலால் இறந்த பிரிட்டிஷ் வீரர்களின் மண்ணீரலில் இந்த நோயின் கிருமியான புரூசெல்லாவை 1887-இல் கண்டறிந்தவர் டேவிட் புரூஸ். நோயின் தடமே தெரியாத ஆடுகளின் பால் வழியாக அது பரவுவது 1905-இல் தெமிஸ்டோகிளிஸ் சாமிட்டின் ஆய்வில் தெரியவந்தது.

மாடுகளில் இது கன்று வீச்சு நோய். பெரும்பாலும் சினையின் கடைசி மாதங்களில் கன்று வீசும். அப்போது வெளிவரும் நஞ்சுக்கொடியிலும் நீரிலும் கிருமிகள் ஏராளம். தங்கிப்போன நஞ்சுக்கொடியை வெறுங்கையால் இழுத்தெடுக்கும்போது, விரலில் ஒரு சிறு கீறல் இருந்தாலே கிருமி உடலுக்குள் புகுந்துவிடும். காய்ச்சாத பாலும் அந்தப் பாலில் செய்த பாலாடைக்கட்டியும் மற்ற முக்கிய வழிகள்.

எலும்பில் என்ன நடக்கிறது?

கிருமிகளை விழுங்கி அழிக்க வேண்டிய வெள்ளணுக்களுக்குள்ளேயே புரூசெல்லா பதுங்கி வாழும். ரத்தத்தோடு பயணித்து எலும்பை அடையும். முதுகெலும்பில் அது அதிகம் தாக்குவது இடுப்புப் பகுதி முள்ளெலும்புகளை. ரத்த ஓட்டம் மிகுந்த முன்பக்க மேல்விளிம்பில்தான் வழக்கமாக அரிப்பு தொடங்கும். பிறகு இரண்டு எலும்புகளுக்கு நடுவிலுள்ள வட்டுக்கும் பரவும். இளவயதினருக்கு முதுகின் அடியில் உள்ள இடுப்பு மூட்டு வீங்கி, நடப்பதே வேதனையாகலாம்.

சிலருக்குத் தண்டுவட உறையை ஒட்டிச் சீழ் கட்டி நரம்புகளை அழுத்தும். கால் மரத்துப்போவது, கால் வலுவிழப்பது, சிறுநீர் மலம் கட்டுப்படாமல் போவது ஆகியவை அவசர அறிகுறிகள். ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது.

காசநோய் என்று தோன்றும்

நம் நாட்டில் முதுகெலும்புத் தொற்று என்றதும் முதலில் நினைவுக்கு வருவது காசநோய். அது நியாயமே. காசநோய் பெரும்பாலும் நடுமுதுகையும் அதன் கீழ்ப்பகுதியையும் தாக்கி, எலும்பை நொறுக்கிக் கூன் விழச் செய்யும். பெரிய சீழ்க்கட்டிகளும் உண்டாகும். புரூசெல்லாவில் எலும்பு பெரும்பாலும் தன் வடிவத்தை இழப்பதில்லை. ஆனால் திசுப் பரிசோதனையில்கூட இரண்டும் ஒன்றுபோலத் தெரிவதுண்டு. காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் புரூசெல்லாவையும் ஓரளவு அடக்குவதால் குழப்பம் இன்னும் கூடும்.

கண்டறிதலும் சிகிச்சையும்

ரோஸ் பெங்கால், எலைசா போன்ற ரத்தப் பரிசோதனைகளும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் நோயைக் காட்டிக்கொடுக்கும். ரத்தத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கும்போது, புரூசெல்லா சந்தேகம் இருப்பதை ஆய்வகத்துக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும். அது மெதுவாக வளரும் கிருமி. ஆய்வகப் பணியாளர்களுக்கும் தொற்றக்கூடியது.

சாதாரண புரூசெல்லோசிஸுக்கு டாக்ஸிசைக்ளினுடன் ரிஃபாம்பிசின் அல்லது ஸ்ட்ரெப்டோமைசின் சேர்த்து, சுமார் 6 வாரச் சிகிச்சை. முதுகெலும்பைத் தாக்கியிருந்தால் குறைந்தது 12 வாரங்கள், சிலருக்கு அதற்கும் மேல். வலி போய்விட்டது என்று பாதியில் நிறுத்தினால் நோய் திரும்பும். பெரும்பாலோர் மருந்திலேயே குணமடைகிறார்கள். நரம்பு அழுத்தப்பட்டாலோ முதுகெலும்பு நிலைகுலைந்தாலோதான் அறுவை சிகிச்சை தேவைப்படும்.

தடுக்க வேண்டியவை

• பாலைக் கொதிக்கக் காய்ச்சியே குடியுங்கள். சீம்பாலையும் நன்றாக வேகவைத்தே உண்ணுங்கள்.
• கன்று ஈனும்போதும் வீசும்போதும் கையுறை, முகக்கவசம் அணியுங்கள். நஞ்சுக்கொடியை நாய்க்குப் போடாமல், சுண்ணாம்பு தூவி ஆழமாகப் புதையுங்கள்.
• மனிதருக்கு இதற்குத் தடுப்பூசி இல்லை, கன்றுகளுக்கு உண்டு. 2019-இல் தொடங்கிய தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ் 4 முதல் 8 மாத வயதுக் கிடாரிக் கன்றுகளுக்கு அது போடப்படுகிறது. வாய்ப்பைத் தவறவிடாதீர்கள்.

மருத்துவரிடம் போனால் வலியை மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். வீட்டில் ஆடு மாடு உண்டு, சில மாதங்களுக்கு முன் ஒன்று கன்று வீசியது, பச்சைப் பால் குடிக்கும் பழக்கம் உண்டு என்பதையும், அவர் கேட்காவிட்டாலும், நீங்களே சொல்லுங்கள். எந்தப் பரிசோதனையை முதலில் செய்வது என்பதை அந்தத் தகவல்தான் அவருக்குக் காட்டும்.